பிரவுசர்குவெஸ்ட்: ஓர் உலாவி விளையாட்டில் நின்றவையும் நில்லாதவையும்

2012 மார்ச் 27 அன்று, ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லா ‘பிரவுசர்குவெஸ்ட்’ என்ற, பலர் ஒரே நேரத்தில் சேர்ந்தாடும் விளையாட்டை வெளியிட்டது. அதை உருவாக்கித் தந்தது பாரிஸில் இயங்கிய லிட்டில் வொர்க்‌ஷாப் என்ற சிறு நிறுவனம். விளையாட்டாக மட்டும் பார்த்தால் அதில் புதுமை என்று சொல்ல அதிகம் இல்லை. மேலிருந்து பார்ப்பதுபோல் வரையப்பட்ட பிக்சல் உலகம், எலியும் எலும்புக்கூடும் பூதமுமாக எதிரிகள், அவர்களைக் கொன்றால் கிடைக்கும் வாளும் கவசமும், கடைசியில் ஒரு பெரிய எதிரி, கூட ஓடிக்கொண்டிருப்பவர்களோடு பேச ஒரு சாட் பெட்டி, அவ்வளவுதான். எதையும் இன்ஸ்டால் செய்யாமல், கணக்குத் தொடங்காமல், முகவரியைத் திறந்து ஒரு பெயரைத் தட்டியவுடன் முன்பின் அறியாதவர்கள் பலர் நடமாடும் உலகத்துக்குள் போய்விட முடிந்ததும், அதற்கு உலாவியோடு தனியாக இணைக்க வேண்டிய ஃபிளாஷ் போன்ற எந்தச் செருகுநிரலும் தேவைப்படாததும்தான் அன்றைக்குச் செய்தியாக இருந்தது.

விளையாட்டோடு அதன் முழு மூலநிரலும், நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வெளியானது. உலாவிக்கான பகுதி, சர்வருக்கான பகுதி, இரண்டுக்கும் பொதுவான பகுதி, உலக வரைபடத்தைத் தயாரிக்கும் கருவிகள் என அனைத்தும் அந்தக் களஞ்சியத்தில் இருந்தன. சில ஆண்டுகளுக்குப் பிறகு மொசில்லா நடத்திவந்த தளம் நின்றுபோனது. களஞ்சியமும் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டிவைக்கப்பட்டது. ஆனால் நிரல் அப்படியே இருப்பதால், திறந்த வலைத் தொழில்நுட்பங்களை மட்டும் நம்பிக் கட்டிய ஒரு விளையாட்டில் எது காலத்தைத் தாங்கியது, எது தாங்கவில்லை என்று அதை வைத்தே பார்க்க முடிகிறது. நிரலைப் படித்த அளவில் எனக்குத் தோன்றுவது இதுதான்: வலைத் தரங்களுக்குள், அதாவது எல்லா உலாவிகளுக்கும் பொதுவான விதிகளுக்குள், அடங்கிய பகுதிகள் ஏறக்குறைய முழுமையாக நின்றிருக்கின்றன, தரங்களுக்கு வெளியே இருந்தவை, அதாவது சர்வர் நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த தயார்நிலை நிரல்கள்), சர்வரை நடத்தும் பொறுப்பு, ஆட்டக்காரரின் வாய்ச்சொல்லை நம்பிய ஏற்பாடு ஆகியவை நிற்கவில்லை.

வெளியான காலம்

அந்த ஆண்டின் சூழலை மறந்துவிட்டு இந்த விளையாட்டை மதிப்பிட முடியாது. ஐபோனில் ஃபிளாஷுக்கு இடமில்லை என்பதற்கான காரணங்களை அடுக்கி ஸ்டீவ் ஜாப்ஸ் 2010 ஏப்ரலில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதியிருந்தார். 2011 நவம்பரில் அடோபி நிறுவனமே கைப்பேசி உலாவிகளுக்கான ஃபிளாஷைக் கைவிடுவதாக அறிவித்தது. உலாவி விளையாட்டு என்றாலே ஃபிளாஷ் விளையாட்டு என்றிருந்த காலம் முடிந்துகொண்டிருந்தது என்றாலும், அந்த இடத்தை வெறும் எச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும் நிரப்பிவிடும் என்று சொல்வதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று குறைவு. குறிப்பாக, நிகழ்நேரத்தில் பலர் ஆடும் விளையாட்டுக்குத் தேவையான நிரந்தர இணைப்பு, அதாவது வெப்சாக்கெட், அப்போதுதான் ஒரு நிலைக்கு வந்திருந்தது.

வெப்சாக்கெட்டின் தொடக்கக் கதை சிக்கலானது. அதன் பழைய வரைவு நெறிமுறையில் பாதுகாப்புக் குறை ஒன்று தெரியவந்ததால் 2010 டிசம்பரில் மொசில்லா அதை ஃபயர்பாக்ஸ் 4-இல் இயல்புநிலையில் அணைத்துவைத்தது. நெறிமுறை திருத்தப்பட்டு, 2011 டிசம்பரில் ஆர்எஃப்சி 6455 என்ற எண்ணுடன் இணையத் தர ஆவணமாக வெளியானது. ஃபயர்பாக்ஸில் அந்த இடைமுகத்தின் பெயருக்கு முன், சோதனை நிலையைக் குறிக்க ஒட்டியிருந்த மொசில்லாவின் முன்னொட்டு 2012 மார்ச்சில் வெளியான 11-ஆம் பதிப்பில்தான் நீங்கியது. பிரவுசர்குவெஸ்ட் வந்தது அதற்கு இரண்டே வாரங்களுக்குப் பின்னால்! ஆகவே அதை ஒரு விளையாட்டாகவும், ‘எங்கள் உலாவி இதற்குத் தயார்’ என்று காட்டும் ஓர் ஒத்திகையாகவும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த மாறுகாலத்தின் தடயம் நிரலிலும் இருக்கிறது. உலாவியின் திறனைச் சோதிக்கும் கோப்பு, வெப்சாக்கெட் என்ற பெயரில் இடைமுகம் இருக்கிறதா அல்லது மொசில்லா முன்னொட்டுடன் இருக்கிறதா என்று இரண்டையும் கேட்கிறது. சர்வரில் புதிய நெறிமுறைக்கு ஒன்றும் பழைய வரைவுக்கு ஒன்றுமாக இரண்டு வெப்சாக்கெட் நூலகங்கள் அக்கம்பக்கமாக இயங்கின. வருகிற இணைப்பு எந்த நெறிமுறையில் பேசுகிறது என்று பார்த்து உரிய நூலகத்திடம் அனுப்பிவிடுவார்கள். அன்றைய ஐபோன் சஃபாரி இன்னும் பழைய வரைவையே பேசிக்கொண்டிருந்ததால் இந்த இரட்டை ஏற்பாடு தேவைப்பட்டது.

திரை நகராத உலகம்

வரைவதற்கு 2டி கேன்வாஸ் என்ற, உலாவிக்குள் படம் வரையும் பரப்பு மட்டுமே பயன்பட்டது; வரைகலைச் சிப்பின் வேகத்தைப் பயன்படுத்தும் வெப்ஜிஎல் இல்லை. 2012-இன் கணினிகளில், அதிலும் அன்றைய கைப்பேசிகளில், ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும், திரை முழுவதையும் டைல் டைலாக (சிறு சதுரங்களாக) வரைந்தால் வேகம் கிடைக்காது. இதற்கு லிட்டில் வொர்க்‌ஷாப் கண்ட தீர்வுதான் இந்த விளையாட்டின் தோற்றத்தையே முடிவு செய்தது என்று நினைக்கிறேன்.

இந்த விளையாட்டில் கேமரா ஆட்டக்காரரின் பின்னால் ஓடிவருவதில்லை. உலகம் திரையளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வீரர் ஒரு துண்டின் விளிம்பைத் தொட்டால் திரை மொத்தமாக அடுத்த துண்டுக்கு நகர்ந்து நிற்கும். பழைய கன்சோல் சாகச விளையாட்டுகளை ஆடியவர்களுக்கு இது பழகிய உத்தி. எனவே பலர் அதைப் பழமையின் மேல் உள்ள ஆசை என்று எடுத்துக்கொண்டார்கள். நிரலைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு தெரிகிறது. மூன்று கேன்வாஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன: கீழே தரை, நடுவில் வீரர்களும் எதிரிகளும் பொருள்களும், மேலே மர உச்சி போல ஆட்களை மறைக்க வேண்டியவை. கேமரா அசையாமல் நிற்கும்வரை தரையும் அசையாது. அதனால் தரைக் கேன்வாஸைத் துண்டு மாறும்போது ஒருமுறை வரைந்தால் போதும். நீரலை போன்ற அசையும் டைல்களை மட்டும் தரையிலிருந்து பிரித்து, நடுக் கேன்வாஸில் தனியாக வரைந்துகொள்கிறார்கள்.

கணினித் திரையில் ஒரு பார்வைக்கு 30 டைல் அகலம், 14 டைல் உயரம் தெரியும்; கைப்பேசியில் அதில் பாதி, 15-க்கு 7. துண்டு மாறும்போது கணினியில் கேமரா பக்கவாட்டில் 28 டைல், அல்லது மேல்கீழாக 12 டைல் நகர்கிறது. அதாவது அடுத்தடுத்த துண்டுகள் இரண்டு டைல் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. விளிம்பில் நிற்பவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது கொஞ்சமாவது தெரிய வேண்டும் அல்லவா! இதே 28-க்கு 12 என்ற அளவு சர்வரிலும் வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் வரையும் முறையே வேறு. கணினியில் நடுக் கேன்வாஸ் ஒவ்வொரு பிரேமிலும் முழுதாக அழிக்கப்பட்டு மீண்டும் வரையப்படுகிறது. சின்னத் திரைகளில் எந்த உருவம் அசைந்ததோ அது நின்ற செவ்வகத்தை மட்டும் துடைத்துவிட்டு அங்கே மட்டும் வரைகிறார்கள். இதே பகுதியில் திரை மினுக்குவதைத் தடுக்கும் ஒரு சிறு ஃபங்ஷன் இருக்கிறது. அவ்வப்போது மூன்று கேன்வாஸிலும் அகலமும் உயரமும் பூஜ்யமாக உள்ள ஒரு செவ்வகத்தை அது ‘வரைகிறது’. கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த வரைதல் உலாவியைத் தட்டியெழுப்புவதற்காக மட்டும். திறந்த தரங்கள் என்றாலும் ஒவ்வொரு உலாவியும் அவற்றைத் தன் போக்கில் நிறைவேற்றிய காலத்தில் எழுதிய நிரல் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தச் சில வரிகள் நல்ல எடுத்துக்காட்டு.

படங்கள் மூன்று அளவுகளில் தனித்தனியாகத் தரப்பட்டிருந்ததையும் இதனோடு சேர்க்கலாம். பிக்சல் கலையைப் பெரிதாக்கினால் உலாவி அதை மழுப்பி மங்கலாக்கும். அந்த மழுப்பலை அணைக்கும் வசதி அன்று எல்லா உலாவிகளிலும் இல்லை. ஆகவே ஒரே படத்தை ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு என முன்கூட்டியே பெரிதாக்கி வைத்து, திரையின் அளவுக்குத் தக்கதை இறக்கினார்கள். இன்று, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் ஒரே வரியில் இது முடிந்துவிடும்.

வரைபடத்தை டைல்ட் என்ற திறந்தமூல எடிட்டரில் உருவாக்கி, கருவிகள் மூலம் ஜேசன் என்ற எழுத்துவடிவத் தரவாக மாற்றினார்கள். உலாவிக்கு ஒரு வரைபடம், சர்வருக்கு ஒரு வரைபடம் என்று அந்தக் கருவிகள் இரண்டு கோப்புகளைத் தருகின்றன. உலாவிக்கான கோப்பைப் படித்து, எங்கே நடக்கலாம், எங்கே சுவர் என்ற கட்டத்தை அமைக்கும் வேலை கணினியில் பின்னணியில் தனியாக ஓடும் ஒரு வெப் வொர்க்கரிடம் விடப்பட்டது. அதனால் உலகம் ஏறிக்கொண்டிருக்கும்போதும் தொடக்கப் பக்கம் உறைந்து நிற்காது.

ஒரு கிளிக்குக்கு ஒரு செய்தி

பலர் சேர்ந்தாடும் விளையாட்டில் பெரும் செலவு செய்திகளை அனுப்புவதில்தான். பிரவுசர்குவெஸ்டில் ஒருவர் ஓரிடத்தைக் கிளிக் செய்தால் உலாவி சர்வருக்கு அனுப்புவது இவ்வளவே:

[4, 36, 209]

முதல் எண் செய்தியின் வகை. 4 என்றால் நகர்வு. மற்ற இரண்டும் போய்ச்சேர வேண்டிய டைலின் இடம். எந்த வழியாகப் போவது என்பதை ஏ-ஸ்டார் என்ற வழிதேடும் முறையைக் கொண்டு அவரவர் உலாவியே கணக்கிட்டுக்கொள்கிறது. அதே செய்தியைப் பக்கத்தில் இருக்கும் மற்றவர்களுக்குச் சர்வர் அனுப்பியதும், அவர்களுடைய உலாவிகளும் தத்தம் கணக்கில் வழிதேடி அந்த வீரரை நடக்கவைக்கின்றன. பத்து டைல் தூரம் நடந்தாலும் செய்தி ஒன்றுதான். இதன் விலை என்னவென்றால், வீரர் இப்போது துல்லியமாக எந்த டைலில் இருக்கிறார் என்பது சர்வருக்குத் தெரியாது. கிளிக் வந்தவுடனேயே அவர் போய்ச்சேர்ந்துவிட்டதாக அது எழுதிக்கொள்கிறது. இரண்டு உலாவிகளில் ஒரே வீரர் சற்று வேறுபட்ட வழிகளில் நடப்பதாகத் தெரிவதற்கும் இடமுண்டு. மெதுவாக நடந்து, எதிரியைக் கிளிக் செய்து வெட்டும் விளையாட்டில் இது யாருக்கும் உறுத்தாது. குறிபார்த்துச் சுடும் விளையாட்டாக இருந்திருந்தால் முதல் நாளே குழப்பமாகியிருக்கும்.

இந்தத் தேர்வை நான் உயர்வாக மதிக்கக் காரணம் இருக்கிறது. வெப்சாக்கெட் டிசிபி இணைப்பின் மேல் ஓடுவது. வழியில் ஒரு பொட்டலம் தவறினால் பின்னால் வந்தவை அனைத்தும் அது மீண்டும் வரும்வரை காத்து நிற்கும். தவறியதை விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்ளும் வசதி 2012-இல் உலாவிக்குள் கிடையாது. உலாவிகளை நேரடியாக இணைக்கும் வெப்ஆர்டிசியின் தரவு வழி அதற்குப் பின்னர்தான் வந்தது. கருவியின் குறையை நிரலின் திறமையால் மறைக்க முயலாமல், அந்தக் குறை வெளியே தெரியாதபடி விளையாட்டின் விதிகளையே அமைத்துக்கொண்டார்கள்.

சர்வரில் முன்பு சொன்ன 28-க்கு 12 கட்டங்கள் செய்திகளைப் பங்கிடப் பயன்படுகின்றன. ஒருவரின் நகர்வோ வெட்டோ உலகம் முழுவதற்கும் போவதில்லை. அவர் நிற்கும் கட்டத்துக்கும் அதைச் சுற்றியுள்ள கட்டங்களுக்கும் மட்டுமே போகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை இருக்கிறது. வினாடிக்கு 50 முறை சர்வர் அந்த வரிசைகளில் சேர்ந்தவற்றை ஒரே கட்டாக அனுப்புகிறது. செய்திகளை இருமக் குறியீடாகச் சுருக்குவதற்கு ஒரு நூலகத்தை இணைத்துவைத்து, ஆனால் அதை இயக்காமல் விட்டிருக்கிறார்கள். எண்களாலான ஜேசன் அணிகளே போதுமான அளவு சிறியவை என்பதால் இருக்கலாம். பிழைதேடுபவருக்கு அவற்றைக் கண்ணால் படிக்க முடிவதும் வசதிதான்.

உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் எழுதப்பட்ட அந்தச் சர்வரின் அமைப்புக் கோப்பில் இயல்பாக ஐந்து உலகங்கள், ஓர் உலகத்துக்கு 200 பேர் என்று உள்ளது. புதிதாக வருபவர் இடமிருக்கும் முதல் உலகத்தில் சேர்க்கப்படுகிறார். எல்லா உலகங்களும் ஒரே வரைபடம். ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரைப் பார்க்க முடியாது. நண்பர்கள் இருவர் பேசிவைத்துக்கொண்டு உள்ளே வந்தாலும் வெவ்வேறு உலகங்களில் நின்று ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. ஒரு செயல்விளக்கத்துக்கு இது பொறுக்கக்கூடிய குறை.

உலாவியின் வார்த்தையை நம்பிய சர்வர்

கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாமல் உள்ளே விட்டதற்கு ஈடாக எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது உள்நுழையும் முதல் செய்தியிலேயே தெரிகிறது. ‘முருகன்’ என்ற பெயரில் ஒருவர் முதன்முதலாக நுழைந்தால் போகும் செய்தி இது:

[0, "முருகன்", 21, 60]

0 என்பது வணக்கம் சொல்லும் வகை. 21 என்பது துணிக்கவசம், 60 என்பது தொடக்க வாள். ஆட்டக்காரரின் பெயர், கவசம், வாள், சாதனைகள் எல்லாம் அவருடைய உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில், அதாவது தளத்துக்காக உலாவி அவர் கருவியிலேயே ஒதுக்கும் சேமிப்பிடத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. மறுநாள் அவர் திரும்ப வரும்போது, நேற்று என்ன அணிந்திருந்தார் என்பதை உலாவிதான் சர்வருக்குச் சொல்கிறது. சர்வர் அதைச் சரிபார்ப்பதற்கு எந்தப் பதிவும் வைத்திருக்கவில்லை. உலாவியின் டெவலப்பர் கருவியைத் திறந்து, சேமிப்பில் இருக்கும் கவசத்தையும் வாளையும் மாற்றி எழுதினால், 26 என்ற தங்கக் கவசமும் 63 என்ற தங்க வாளுமாக உலகத்தில் இறங்கிவிடலாம். ஓர் எலியைக்கூடக் கொல்ல வேண்டியதில்லை.

சண்டையிலும் இதே நம்பிக்கைதான். எவ்வளவு அடி விழுந்தது என்ற கணக்கைச் சர்வர்தான் போடுகிறது: ஆயுதத்தின் நிலையை 5 முதல் 10 வரையான ஏதாவதோர் எண்ணால் பெருக்கி, அதிலிருந்து கவசத்தின் நிலையை 1 முதல் 3 வரையான எண்ணால் பெருக்கிக் கழிக்கிறது. ஆனால் எதிரியின் அடி என்மேல் விழுந்தது என்ற தகவலைச் சர்வருக்கு அனுப்புவது அடிவாங்கியவரின் உலாவி. அந்த ஒரு செய்தியை மட்டும் அனுப்பாதபடி நிரலைத் திருத்தினால் அந்த வீரருக்குச் சாவே இல்லை. எதிரி ஒருவரைக் கண்டு துரத்தத் தொடங்கியதையும் உலாவியே அறிவிக்கிறது.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்வர் சரிபார்க்க வேண்டிய சில இடங்களில் சரிபார்க்கவும் செய்கிறது: வருகிற ஒவ்வொரு செய்தியிலும் எந்த இடத்தில் எண் வர வேண்டும், எங்கே எழுத்து வர வேண்டும் என்று பார்க்க ஒரு தனிக் கோப்பு இருக்கிறது, சாட்டில் எச்டிஎம்எல் நுழைந்துவிடாதபடி வடிகட்டுகிறார்கள், நிற்க முடியாத இடத்துக்கு நகர்வதாகச் சொன்னால் ஏற்பதில்லை. 15 நிமிடம் எதுவும் அனுப்பாதவரின் இணைப்பைத் துண்டிக்கிறார்கள். அதாவது சர்வரையும் மற்ற ஆட்டக்காரர்களின் உலாவிகளையும் கெடுக்கக்கூடியவற்றைத் தடுத்துவிட்டு, தனக்குத் தானே தங்க வாள் வைத்துக்கொள்பவரைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்ட முடியாத விளையாட்டில் ஏமாற்றுபவர் கெடுப்பது பெரும்பாலும் தன் ஆட்டத்தைத்தான். ஆனால் இந்த நிரலை எடுத்துத் தம் விளையாட்டுக்கு அடித்தளமாக்க நினைப்பவர்கள், குறிப்பாக மதிப்பெண் பட்டியலோ பொருள் விற்பனையோ சேர்க்க எண்ணுபவர்கள், இந்தப் பகுதியை முழுதாக மாற்றி எழுதாமல் தொடங்கக் கூடாது.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. சர்வர் பெயரின் முதல் 15 குறிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல, யூனிகோடு அலகுகளை. தமிழில் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனி அலகுகள். ‘பாலசுப்பிரமணியன்’ என்ற பெயர் நமக்குப் பத்து எழுத்து, கணினிக்கு 16 அலகு. ஆகவே கடைசிப் புள்ளி மட்டும் உதிர்ந்து அவர் ‘பாலசுப்பிரமணியன’ என்று உலகத்தில் நடமாடுவார். பெயருக்கு எல்லை வைக்கும் எந்த விளையாட்டிலும் இது இன்றைக்கும் நடக்கிற பிழை.

ஒலி

ஒலிதான் இந்த விளையாட்டின் பலவீனமான பகுதி. அதற்குக் காரணம் காப்புரிமை. எம்பி3 மீதான காப்புரிமைகள் உயிரோடு இருந்த காலம் அது, ஃபயர்பாக்ஸ் அதைத் தானாக வாசிக்காது. சஃபாரியோ ஆக் என்ற திறந்த ஒலிவடிவத்தை ஏற்காது. எனவே எல்லா ஒலிகளையும் இரண்டு வடிவங்களில் வைத்து, உலாவியைக் கேட்டுப் பொருத்தமானதைத் தந்தார்கள். ஒரே வாள் ஓசை அடுத்தடுத்து எழ வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் ஒலிக்கும் நான்கு ஆடியோ உறுப்புகளைப் படியெடுத்து வைத்துச் சுழற்றினார்கள். கேன்வாஸுக்கு இருந்ததுபோல் ஒலிக்கு ஒரு முறையான இடைமுகம் எல்லா உலாவிகளிலும் வராத காலத்தின் கைவேலை அது. எம்பி3-இன் அமெரிக்கக் காப்புரிமைகள் 2017-இல் முடிந்தபின் இரட்டைக் கோப்புகளுக்குத் தேவை போனது.

நின்றவை, விழுந்தவை

கேன்வாஸ், வெப்சாக்கெட், வெப் வொர்க்கர், லோக்கல் ஸ்டோரேஜ், ஆடியோ உறுப்பு, திரையளவுக்கேற்பத் தோற்றத்தை மாற்றும் சிஎஸ்எஸ் மீடியா குவெரி: 2012-இல் இந்த விளையாட்டு நம்பிய ஒவ்வோர் இடைமுகமும் இன்றைய எல்லா முக்கிய உலாவிகளிலும் இருக்கிறது. பழைய முன்னொட்டுகளைக் கேட்கும் வரிகள் பயனற்றுப் போயிருக்கின்றனவே தவிர, அவற்றால் எதுவும் உடையவில்லை. அதே காலத்து ஃபிளாஷ் விளையாட்டுகளை அடோபி ஃபிளாஷை நிறுத்திய 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு, ஃபிளாஷைப் போலவே இயங்கிக் காட்டும் தனி எமுலேட்டர் இல்லாமல் திறக்கவே முடியாது என்பதோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு விளங்கும்.

உலாவிகளின் கொள்கைகள் மாறியதால் சில இடங்களில் உரசல் வந்திருக்கிறது. நிரலில் சர்வர் முகவரி பாதுகாப்பற்ற வெப்சாக்கெட்டாகவே எழுதப்பட்டிருக்கிறது. குறியாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் பக்கத்திலிருந்து அப்படி ஓர் இணைப்பைத் திறக்க உலாவிகள் விடுவதில்லை. பக்கம் திறந்ததும் இசை ஒலிப்பதை 2018 ஏப்ரலில் வெளியான குரோம் 66 தடுத்தது. ஆனால் பெயரைத் தட்டி ஆடு பொத்தானை அழுத்தியபின் தொடங்கும் இந்த விளையாட்டுக்கு அதனால் பெரிய சேதமில்லை. சஃபாரி 2020 மார்ச்சில் கொண்டுவந்த மாற்றம்தான் கடுமையானது. ஒருவர் சஃபாரியைப் பயன்படுத்திய ஏழு நாள்கள் ஒரு தளத்தின் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை என்றால், அந்தத் தளத்தின் லோக்கல் ஸ்டோரேஜ் அழிக்கப்படும். ஊருக்குப் போய்விட்டு வருவதற்குள் தங்கக் கவசம் போய்விடும் என்று அர்த்தம்.

சர்வர் பக்கம் நிலைமை வேறு. அதன் குறிப்புக் கோப்பு நோட்.ஜேஎஸ் 0.4.7-ஐச் சொல்கிறது. தேவைப்படும் நூலகங்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே இருக்கும் பதிப்பு நிபந்தனை ‘பூஜ்யத்தைவிடப் பெரியது’ என்பது மட்டும்தான். எந்தப் பதிப்பு கிடைத்தாலும் சரி என்று பொருள். எழுதிய வாரத்தில் இதனால் ஒரு தொல்லையும் இருந்திருக்காது. ஆனால் நூலகங்கள் உலாவித் தரங்களைப் போல முந்தைய நிரலுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. பழைய வெப்சாக்கெட் வரைவுக்கான நூலகம் கவனிப்பாரின்றிப் போனது. சர்வரில் நடப்பதைக் குறித்துவைக்கும் நூலகம் வேறொருவர் கைக்குப் போய் முற்றிலும் வேறு வடிவம் எடுத்தது. ஆகவே இன்று களஞ்சியத்தை இறக்கி, குறிப்பில் சொன்னபடியே கட்டளைகளைக் கொடுப்பவருக்குச் சர்வர் எழுந்திருக்காது. ஒரே மொழியில், ஒரே குழுவினரால், ஒரே சமயத்தில் எழுதப்பட்ட இரண்டு பாதிகளில் ஒன்று உலாவிகளின் பின்னோக்கிய இணக்கத்தால் காப்பாற்றப்பட்டது. மற்றதற்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை.

சர்வரை நடத்தும் செலவும் அக்கறையும் தனிக் கதை. தனியாக ஆடும் உலாவி விளையாட்டை ஒரு கோப்புறையாக எங்கே வைத்தாலும் ஆடலாம். பலர் ஆடும் விளையாட்டில் யாராவது ஒருவர் தினமும் ஒரு சர்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும். அதற்கான ஏற்பாடு எந்தத் தரத்திலும் இல்லை.

இந்த இடத்தில்தான் உரிமம் கைகொடுத்தது. நிரல் மொசில்லா பொது உரிமம் 2.0-இன் கீழும், படங்கள் முதலான உள்ளடக்கம் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு-அதேபகிர்வு 3.0-இன் கீழும் வெளியாகியிருந்தன. படங்களையும் திறந்துவிட்டது முக்கியமானது. நிரலைத் தந்துவிட்டு ஓவியங்களைப் பூட்டிவைக்கும் வழக்கம் விளையாட்டு உலகில் அதிகம், அப்படிச் செய்தால் எடுத்துக்கொள்பவர் கையில் கிடைப்பது முகமில்லாத எலும்புக்கூடு. பிரவுசர்குவெஸ்டைப் பலர் எடுத்துத் தம் சர்வர்களில் ஏற்றினார்கள். சர்வரைப் பிஎச்பியில் மாற்றி எழுதியவர்களும் உண்டு. அதிலிருந்து கிளைத்தவற்றில் நெடுநாள் வளர்ந்தது கேட்ரம் என்ற திறந்தமூல விளையாட்டு. அது காலப்போக்கில் ஜாவாஸ்கிரிப்டின் விரிவாக்கமான டைப்ஸ்கிரிப்டில் புதிதாக எழுதப்பட்டு, ஆட்டக்காரர்களின் விவரங்களைச் சர்வர்ப் பக்கத் தரவுத்தளத்தில் சேமிக்கும் நிலைக்கு வந்தது.

மூல நிரலையே மீண்டும் எழுப்ப நினைப்பவருக்கு என் பரிந்துரை சற்று மாறுபட்டது. நூலகங்களில் இன்றும் பராமரிக்கப்படுபவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பதிப்பு எண்களை நிலையாகக் குறிப்பதும், இணைப்பைப் பாதுகாப்பான வெப்சாக்கெட்டாக்குவதும், பழைய வரைவுக்கான நூலகத்தைக் கழற்றி எறிவதும் ஓரிரு நாள் வேலை. அடுத்து, அடிவாங்கியதையும் எதிரி துரத்துவதையும் சர்வரே தீர்மானிக்கும்படி மாற்ற வேண்டும். சர்வரில் எதிரிகளின் இடம் ஏற்கனவே இருப்பதால் அதற்கான தரவு கையிலேயே உள்ளது. கணக்கும் கடவுச்சொல்லும் இல்லாத நுழைவை மட்டும் விடக் கூடாது, ஏனெனில் அதுதான் இந்த விளையாட்டின் தனித்தன்மை. முதல் வருகையில் சர்வர் ஒரு நீண்ட தற்செயல் குறியீட்டை உருவாக்கித் தந்து, உலாவி அதை மட்டும் சேமித்துவைத்தால் போதும். கவசமும் வாளும் அந்தக் குறியீட்டின் பேரில் சர்வரில் இருக்கும். சஃபாரியில் அது அழிந்துபோகும் வாய்ப்பு இருப்பதால், அந்தக் குறியீட்டை ஒரு இணைப்பாக நகலெடுத்து வைத்துக்கொள்ளும் பொத்தான் ஒன்றையும் தொடக்கப் பக்கத்தில் வைக்க வேண்டும்.